எங்கே பார்த்த நீலம்

அக்கா யாரிடம் பேசினாலும் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார். காதைப் பார்ப்பார். அதுவும் காதின் பின்பக்கத்தை. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் காதைக்கூட அப்படித்தான் பார்த்துக்கொண்டு வருவார். ஒருமுறை ஒரு பெரியவர் திரும்பி, “என்னம்மா, ஏதாவது பூச்சியா?” என்று கேட்டேவிட்டார்.

“இல்லீங்கய்யா, நல்ல கலரு” என்றார் அக்கா.

இறங்கும் வரை அந்த மனிதர் காதைத் தடவிக்கொண்டே வந்தார்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், காது கேட்கும் கருவி விற்கும் கடை இருந்தது. அங்கே வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது, பேட்டரி மாற்றுவது, வயதானவர்களுக்குக் கருவியை மாட்டிவிட்டுப் பழக்குவது எல்லாம் அக்காவின் வேலை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்வது என் வேலை. இரண்டு பேருக்கும் வீடு ஸ்ரீரங்கம். சாயங்காலம் ஒரே பஸ். அந்தப் பழக்கத்தில்தான் அவர் எனக்கு அக்கா.

கருவிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவருக்கு யாரும் கொடுத்த வேலை இல்லை. கம்பெனியிலிருந்து வரும் கருவிகள் பெரும்பாலும் ஒரே நிறத்தில் வரும். டீயில் நனைத்தெடுத்த பிஸ்கட்டின் நிறம். பெட்டியின்மேல் அதற்குத் தோல் நிறம் என்று போட்டிருக்கும். அந்தத் தோலோடு திருச்சியில் யாரும் நடமாடி நான் பார்த்ததில்லை. அக்கா ஒவ்வொரு புதுப் பெட்டியைப் பிரிக்கும்போதும், “பாவம், வெயிலே அடிக்காத ஊர்லேர்ந்து வந்திருக்கு” என்பார்.

எனக்குச் சின்ன வயதில் சீழ் வைத்து இடது காது பாதிக்குமேல் போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த வருடம் அந்த மாடிக் கடையில்தான் கருவி வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து கூந்தலை இடப்பக்கம் தழைய விட்டு, அதை மூடியே வைத்திருந்தேன். ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னல் காற்று அடித்து முடி விலகியது. அக்கா பார்த்துவிட்டு, “உனக்கு என்ன கலர் பிடிக்கும்?” என்றார்.

“நீலம்.”

“எங்க பார்த்த நீலம்?”

எனக்குப் புரியவில்லை. எனக்கு நிறங்கள் எல்லாம் எண்கள். மணப்பெண் வீட்டார் “கொஞ்சம் அடர்த்தியா வேணும்” என்றால் ஒரு எண்ணைக் கூட்டுவேன், அவ்வளவுதான். போனில் நிறப் பட்டியலைத் திறந்து ஒரு நீலத்தைக் காட்டினேன்.

அக்கா போனைப் பார்க்கவே இல்லை. “கலர் பேரைச் சொல்லாதம்மா. அதை எங்க பார்த்தேன்னு சொல்லு. ஞாபகம் வரப்ப வரட்டும், ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியிருந்தது.

அவருடைய குணமே இதுதான். எந்த நிறத்தைச் சொன்னாலும் அது எங்கே இருந்தது என்று கேட்பார். பதில் வரும்வரை தூரிகையைத் தொடமாட்டார். சிலருக்கு ஒரு நாள் ஆகும், சிலருக்கு ஒரு மாதம். கேட்டுவிட்டு மறந்தவர்போல இருப்பார். ஆனால் ஒவ்வொருவர் சொன்னதும் அவருக்கு மனப்பாடம்.

எனக்கு நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் தூங்கி எழுந்தபோது அது கண்ணுக்குள் இருந்தது. சின்ன வயதில் அப்பா ரேஷன் கடையிலிருந்து நீல மண்ணெண்ணெய் வாங்கி வருவார். அந்தக் கண்ணாடிப் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து, அதன் வழியாகத் தெருவைப் பார்ப்பேன். தெரு முழுக்க நீலமாக மிதக்கும். வீடுகள், மாடு, சைக்கிளில் போகிறவர்கள் எல்லாம் தண்ணீருக்கடியில் போவதுபோல இருக்கும்.

சொன்னதும் அக்கா சத்தமாகச் சிரித்தார். பஸ்ஸில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “அது நீலம் இல்லம்மா. வெளிச்சம். நல்லாப் பிடிச்ச போ!”

அதைச் செய்ய அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. என் கருவியை வீட்டுக்கு எடுத்துப்போய், ஒலி நுழையும் இரண்டு ஊசித் துளைகளின்மேலும் நூலளவு டேப்பை ஒட்டிவிடுவாராம். பிறகு உப்புத்தாளை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, அதன்மேல் வெள்ளிப் பூச்சு, அதன்மேல் கண்ணாடிபோல நீலம், ஆறு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் காய வேண்டும். அந்த வாரம் முழுவதும் கருவி இல்லாமல் இருந்தேன். உலகம் ஒரு பக்கம் சாய்ந்துகிடந்தது.

திரும்பி வந்ததை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மறுநாள் தலையை இறுகப் பின்னி, முடியை இரண்டு காதுக்கும் பின்னால் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அக்காவின் வீட்டுக்கு முதன்முதலாகப் போனவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். இன்டர்நெட் பெட்டி, கோடைக் காவிரிபோல மணலும் நடுவில் ஒரு கீற்று நீருமாக இருக்கும். டி.வி. ரிமோட் வாழைப்பூவின் மடல் நிறம். கொசு அடிக்கும் பேட்டின் கைப்பிடி பொன்வண்டுபோல மின்னும். அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. விரலைக் குத்தி அளக்கும் மெஷினைக் கண்டாலே அவருக்கு வேர்க்குமாம். பயம் போகட்டும் என்று அக்கா அதற்குப் பழுத்த மாம்பழத்தின் நிறத்தை அடித்து, காம்புப் பக்கம் லேசாகச் சிவப்பும் ஏற்றியிருக்கிறார். அவர் இரண்டு நாள் பேசவில்லையாம்.

“திங்க விடமாட்டேங்கறே. அதையே கலர் அடிச்சுக் கையில குடுக்கறியா?” என்று என் முன்னாலேயே கேட்டார்.

“மோந்து பார்க்காதீங்க, அவ்வளவுதான்” என்றார் அக்கா.

கடைக்கு வருகிறவர்களில் எல்லோரும் பெயிண்டுக்குச் சம்மதிக்கமாட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் வெளியே தெரியாமல் இருந்தால் போதும் என்பார்கள். அக்கா அவர்களை வற்புறுத்தியதே இல்லை. சம்மதித்தவர்களில் கோயிலில் பிரபந்தம் பாடிச் சேவிக்கிற மாமா ஒருவர் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். கருவியைக் கையில் வாங்கியதும் அவராகவே, “மேகவர்ணம் பண்ணித் தர முடியுமோ?” என்றார்.

“எங்க பார்த்த மேகம் மாமா?”

“எங்கேன்னா? கொள்ளிடக் கரைல, ஐப்பசில. பெருமாளை அப்படித்தானே சொல்லியிருக்கா!”

அக்கா சாம்பலும் கருநீலமும் கலந்து செய்து கொடுத்தார். மாமா ஜன்னலருகே போய் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரொம்ப நன்னாருக்கு. ஆனா இது பெஞ்சு முடிச்ச மேகம். நான் கேட்டது பெய்யப் போற மேகம்.”

அக்கா அதைத் திரும்ப வாங்கி, சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை மாமா திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டிக்கொண்டார். அன்று பஸ்ஸில் அக்கா வழக்கத்தைவிட அதிகமாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். “பெய்யப் போற மேகத்துக்குள்ள கொஞ்சம் பச்சை இருக்கும்மா. இத்தன வருஷம் தெரியாம இருந்திருக்கேன்” என்றார்.

எனக்கு இருபத்தாறு முடிந்தபோது ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கே.கே. நகரில் சொந்த வீடு, அரசு வேலை. அம்மா ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டே என் காதைப் பார்த்தாள்.

“அந்த நீலத்தைக் கழட்டிடுடி அன்னைக்கு.”

“கழட்டினா சரியாக் கேக்காதும்மா. அவங்க பேசறதுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அப்ப தெரியாத மாதிரி ஏதாவது பண்ணு. கல்யாணம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்.”

அக்காவிடம் போய் நின்றபோது எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் என்ன கலர் என்று கேட்டார், எப்போதும்போல.

“தோல் கலர்.”

“யாரோட தோல்?”

“என்னோடதுக்கா. வெளிய தெரியக்கூடாது.”

கோபப்படுவார், குறைந்தபட்சம் ஏன் என்றாவது கேட்பார் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வரச் சொன்னார். மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரவைத்து, முடியை ஒதுக்கிக் கிளிப் போட்டார். பிறகு என் காதுக்குப் பின்னால் பார்த்தபடியே வண்ணங்களைக் குழைக்க ஆரம்பித்தார். ஒரு புள்ளி என் தோலில் வைப்பார். தள்ளி நின்று பார்ப்பார். ஈரத்துணியால் துடைப்பார். இன்னொரு புள்ளி.

“மேல கொஞ்சம் மஞ்சள் இருக்கு. மடிப்புல செம்மண்ணு. இந்த இடத்துல வேற மாதிரி, எண்ணெய் தேய்ச்ச மரம் மாதிரி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காது கருவி அவர் மேஜையில் கிடந்ததால் பாதிதான் எனக்கு எட்டியது. மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. வெயில் ஜன்னல் கம்பிகளை என் மடியில் வரைந்து, மெதுவாக நகர்த்திக்கொண்டு போனது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நடுவில் ஒரு தடவை நான் தூங்கிக்கூடப் போயிருக்கிறேன். விழித்தபோதும் அவர் அதே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். கருவி இருந்த இடம் தெரியவில்லை. கையை வைத்துத் தடவினால்தான் இருக்கிறது.

பெண் பார்க்க வந்தவர்கள் அரைமணி நேரம் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா என் இடப்பக்கமாகவே உட்கார்ந்து பேசினார். ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாளே சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். அக்காவிடம் இனிப்பு கொடுத்தபோது, “யாருக்குமே தெரியலையா?” என்று இரண்டு தடவை கேட்டார். அதில் பெருமை இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ஐப்பசியில்தான் அந்தக் குழந்தை விஷயம் நடந்தது.

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த ஒருவரின் மகள். ஆறு வயது. பிறவியிலேயே இரண்டு காதும் மந்தம். கருவியை மாட்டினால் பிடுங்கி எறிவாள். அக்கா அவளை மேஜைமேல் உட்காரவைத்து என்ன கலர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

“தோல் கலர்” என்றாளாம் குழந்தை.

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு சின்னதிலேயே மறைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்களா என்று நினைத்திருக்கிறார். “யாரோட தோல் கண்ணு?”

“வெங்காயத்தோடது! அப்பா கடையில பறக்குமே, அது!”

இதை அக்கா என்னிடம் பஸ்ஸில் சொன்னபோது அவர் கண்ணில் நீர் நின்றது. சின்ன வெங்காயத் தோலின் அந்த ஊதாவும் சிவப்பும், நடுவில் ஓடும் மெல்லிய கோடுகளும், ஓரத்தில் பொன்னும். அவர் செய்ததிலேயே அழகானவை அந்த இரண்டும்தான். நான் பார்த்திருக்கிறேன். ஊதினால் பறந்துவிடும்போல இருந்தன.

ஆனால் அது அடைமழைக் காலம். எதுவும் காயவில்லை. குழந்தைக்குப் பிறந்த நாள் வந்துவிட்டது. கடைசிப் பூச்சு முழுதாகக் காய்வதற்குள் அக்கா துளைகளின்மேல் ஒட்டிய டேப்பை உரித்துவிட்டார். காலையில் தன் காதில் வைத்துப் பார்த்தபோது கேட்டிருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு பூச்சு மெல்ல இளகி, துளைகளை மூடிக்கொண்டது.

ஐந்தாம் நாள் குழந்தையின் அப்பா போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எது சொன்னாலும் குழந்தை சிரித்துக்கொண்டு தலையாட்டுகிறாள், ஆனால் ஒன்றுகூடச் செய்வதில்லை, விசாரித்தால் காது கேட்கிறது என்கிறாள் என்றார். அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு உடனே கிளம்பினார்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. குழந்தை பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் ஓடிவந்து, காதைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அக்கா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“கேக்குதா கண்ணு?”

குழந்தை தலையாட்டினாள்.

அக்கா சேலைத் தலைப்பை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டார். அதே சத்தத்தில், “உன் பேரு என்ன?” என்றார்.

குழந்தை சிரித்தபடி தலையாட்டினாள்.

“இன்னைக்கு என்ன சாப்பிட்டே?”

அதற்கும் தலையாட்டினாள்.

 அக்கா தலைப்பை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஐந்து நாளாக அந்தக் குழந்தைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சொன்னால் கருவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, எல்லாம் கேட்கிறது என்று எல்லோரையும் நம்பவைத்திருக்கிறாள். அப்பா அவள் காதிலிருந்து அவற்றைக் கழற்றியபோது அவள் போட்ட கூச்சல் சந்து முனை வரை கேட்டது. அவர் அக்காவைத் திட்டவில்லை. “எடுத்துட்டுப் போங்கம்மா” என்றார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது.

திரும்பும்போது அக்கா பஸ்ஸில் ஏறவில்லை. நடக்கலாம் என்றார். ரொம்ப தூரம் போன பிறகு, “பொய் சொல்லத் தெரியாத குழந்தை அது. நான்தான் கலர் அடிச்சு ஒரு பொய்யைக் கையில குடுத்துட்டேன்” என்றார்.

அவர் தன்னைச் சொல்லிக்கொண்டார். எனக்கு என் இடது காது சுட்டது. பெண் பார்க்க வந்த அன்று நானும் ஹாலில் உட்கார்ந்து சிரித்துத் தலையாட்டியவள்தானே.

மறுநாள் மதியம் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். “எனக்கு இடது காது சரியாக் கேக்காதுங்க. மெஷின் போட்டிருக்கேன். நீங்க வந்த அன்னைக்கும் போட்டிருந்தேன்.”

“நாங்க யாரும் பார்க்கலையே” என்றார்.

“தெரியாத மாதிரி பண்ணியிருந்ததுங்க.”

 லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். “வீட்ல பேசிட்டுச் சொல்றேங்க” என்றார். அவர் சொல்லவில்லை. தரகர்தான் வந்து சொன்னார், மறைத்துவிட்டார்கள் என்று அவர்களுக்கு வருத்தமாம். அம்மா ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு மட்டும் போட்டாள், பேசவில்லை. எட்டாம் நாள், “அவ்வளவு அழகா மறைஞ்சிருந்ததை நீயே எதுக்குடி எடுத்துக் காமிச்சே?” என்றாள். அழுதாள். நானும் அழுதேன். ஆனால் உள்ளே எங்கோ ஒரு கட்டு அவிழ்ந்திருந்தது.

அக்காவிடம் சொன்னபோது அவர் பேட்டரி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. “நான் அதை அவ்வளவு நல்லாச் செஞ்சிருக்கக் கூடாதோ?”

“அப்படிச் சொல்லாதீங்கக்கா. யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்ல.”

 நிமிர்ந்து, என் காதைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அக்கா பெயிண்டை நிறுத்திவிட்டார். கடைக்காரரும் இனி வேண்டாம் என்று சொல்லியிருந்தார். குழந்தைக்குக் கடையிலிருந்தே பிஸ்கட் நிறத்தில் இரண்டு புதுக் கருவிகள் போயின. கார்த்திகையும் மார்கழியும் போயின. பஸ்ஸில் அக்கா யார் காதையும் பார்ப்பதில்லை. பாலத்தில் போகும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டு வருவார்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, மண்டிக்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். நான் அப்போது சாப்பாட்டு டப்பாவோடு மேலே இருந்தேன்.

“மாட்டவே மாட்டேங்கறாம்மா. ரெண்டு மாசமா ஸ்கூலுக்குப் போகல. நீங்களே பழைய மாதிரி அடிச்சுக் குடுத்துடுங்க.”

“நான் இப்ப அதெல்லாம் செய்யறதில்லீங்க.”

“என் பொண்ணு கேக்கறாம்மா” என்றார் அவர், அவ்வளவுதான்.

அக்கா கையிலிருந்த டோக்கன்களை மேஜையில் வைத்தார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கடைக்காரரிடம் பேசினார். மேல் ஓடுகளை மட்டும் கழற்றித் தாருங்கள், உள்ளே இருக்கும் மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கடைக்காரர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஓடுகளோடு வெளியே வந்தார்.

பத்து நாள் எடுத்துக்கொண்டார். வெயிலில் காயவைத்தார். மறுபடி ஒரு நாள் காயவைத்தார். கடைக்காரர் ஓடுகளைப் பூட்டிச் சோதித்த பிறகும் அக்காவுக்குத் திருப்தி இல்லை. குழந்தைக்கு மாட்டிவிட்டு, தெருப் பக்கம் ஜன்னலுக்கு எதிரே நிற்கவைத்தார். கீழே பஸ்கள் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா சத்தம் போடாமல் பின்னால் நடந்து, கதவு வரைக்கும் போனார். அங்கே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.  தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, ரகசியம் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்.

“உனக்குப் பின்னாடி ஒரு பூனைக்குட்டி நிக்குது.”

குழந்தை அசையவில்லை. பேருந்து நிலையத்தில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவள் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் அந்தச் சின்னத் தலை சட்டென்று திரும்பியது. மேஜைக்கு அடியில் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் கோபமாகப் பார்த்தாள்.

“எங்க? எங்க பூனை?”